இரண்டு வருஷம் இருக்கு, பிள்ளை

அருமைராசா விரலில் எச்சில் தொட்டுத்தான் சட்டம் பார்ப்பார். கலியாணமாகி இருபத்தொன்பது வருஷத்தில் மாக்கிரட் அவரிடம் அருவருத்த விஷயங்கள் வேறும் உண்டு. ஆனால் அந்த எச்சிலுக்கு முன்னால் அவையெல்லாம் ஒன்றுமேயில்லை. நாக்கை ஒரு விரற்கடை வெளியே நீட்டி, ஆள்காட்டி விரலை அதில் நன்றாகத் தோய்த்து, மெல்லிய தாளை ஒவ்வொன்றாகப் புரட்டுவார். எதிரே இருப்பவர்கள் பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்திக் காட்டுகிற நேரம் போல மூச்சை அடக்கிக்கொண்டு இருப்பார்கள். தேத்தண்ணித் தட்டோடு நிற்கிற மாக்கிரட்டுக்கு அந்தத் தாளைப் பிறகு தொடவே மனம் வராது.

புத்தகங்கள் மொத்தம் நான்கு. எல்லாம் சிவப்பு மட்டை, ஒவ்வொன்றும் செங்கல் கனம். காப்புறுதிச் சட்டத்துக்கு ஒன்று, பொதுச் சுகாதாரத்துக்கு ஒன்று, சமூகப் பாதுகாப்புக்கு ஒன்று, அரச நிர்வாகத்துக்கு ஒன்று. பாரிஸில் அவர் ஒன்பது வருஷம் கோப்பை கழுவிய காலத்தில், ஒரு சட்டத்தரணியின் கந்தோர் இடம் மாறியபோது தெருவோரத்தில் எறிந்துவிட்டுப் போன பெட்டியிலிருந்து எடுத்தவை. மொன்றியலுக்குக் குடிபெயர்ந்தபோது சூட்கேஸ் நிறை கூடிவிட்டதென்று மாக்கிரட்டின் கூறைச்சேலையை வெளியே எடுத்துவைத்துவிட்டு இந்த நான்கையும் உள்ளே அடுக்கினார். கூறை பாரிஸில் யாருடைய அலுமாரியிலோ இன்றைக்கும் கிடக்கிறது.

கிழமை நாட்களில் அவர் ஒரு குளிரங்கித் தொழிற்சாலையில் பெட்டி கட்டுகிறவர். அங்கே அவரைவிட இருபது வயது குறைந்த போர்மன் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை, விரலைச் சொடுக்குவான். ஞாயிற்றுக்கிழமை தமிழ்ப் பூசை முடிந்து பின்னேரம் மூன்று மணியானால் அதே மனிதர் மொன்றியலின் அஹுன்ட்சிக்-கார்ட்டியர்வில் பகுதியில் தன் மூன்றாம் மாடி வீட்டில் 'லோயர் அண்ணை' ஆகிவிடுவார். குரல்கூட மாறும். 'உப்புக் காணாது' என்று சொல்கிற குரல் வேறு, 'சட்டம் என்ன சொல்லுதெண்டால்' என்று தொடங்குகிற குரல் வேறு.

எங்கள் சனத்திடம் ஒரு பழக்கம் இருக்கிறது. அரசாங்கத்திலிருந்து கடிதம் வந்தால் உடைக்கமாட்டார்கள். கோட்-டெ-நெய்ஜில் ஒற்றை அறையில் இருப்பவர்களும் சரி, கர்க்லாண்டில் பெரிய வீடு வாங்கிப் போனவர்களும் சரி, மண்ணிற உறையைக் கண்டதும் முகம் வெளிறி, அதைத் திரு இருதயப் படத்துக்குக் கீழே வைத்துவிட்டு ஞாயிறு வரும்வரை காத்திருப்பார்கள். பிறகு கிழிக்காத உறையோடு லோயர் அண்ணையிடம் வருவார்கள். கூடவே ஒரு பார்சல் கருவாடோ, ஒரு போத்தலோ வரும். காசு அவர் வாங்குவதில்லை. வாங்கியிருந்தால் நல்லது. காசு கொடுத்தவன் கேள்வி கேட்பான்.

வருகிறவர்கள் நம்பியது இவ்வளவுதான்: இங்கே கந்தோரில் நடப்பதெல்லாம் பிரெஞ்சு, அண்ணையின் புத்தகமும் பிரெஞ்சு, பிறகென்ன. பிரான்ஸ் ஒரு நாடு, கியூபெக் கடலுக்கு இந்தப் பக்கம் வேறொரு நாட்டின் மாகாணம், பாஷை ஒன்றானாலும் சட்டம் வேறு என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. யாழ்ப்பாணத்துச் சட்டத்தை மதுரைக் கோர்ட்டில் கொண்டுபோய்க் காட்டினால் விழுந்து விழுந்து சிரிக்கிற அதே சனம், இதற்குத் தலையாட்டியது. பெரும்பாலான கடிதங்களுக்குச் சட்டமே தேவைப்படாததால் வண்டி ஓடியது. விலாசம் மாற்றவும் சுகாதார அட்டை புதுப்பிக்கவும் அவருடைய பிரெஞ்சே போதும். அது நல்ல பிரெஞ்சு, அதில் குறை சொல்ல முடியாது. ஆனால் அவர் சும்மா நிரப்பிக் கொடுத்து அனுப்பமாட்டார். புத்தகத்தைத் திறந்து எச்சில் தொட்டால்தான் மனம் ஆறும்.

மாக்கிரட்டுக்கு மட்டும் விஷயம் தெரியும். 2004-ம் ஆண்டு சமூகப் பாதுகாப்புப் புத்தகத்தின் முதுகு கழன்று போனது. பக்கத்து நூலகத்தில் கிழிந்த புத்தகம் ஒட்டுகிற ஒரு பெண் இருந்தாள், மாக்கிரட் சமையல் வேலை செய்கிற கார்தெரி என்ற குழந்தைகள் காப்பகத்துப் படப்புத்தகங்களையும் அவள்தான் ஒட்டிக் கொடுப்பாள். மாக்கிரட் புத்தகத்தை அவளிடம் கொண்டுபோனாள். அந்தப் பெண் ஒட்டி முடித்து, முதற்பக்கத்தைப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சொன்னாள்: மதாம், இது பிரான்ஸ் நாட்டுச் சட்டம், அதுவும் பத்து வருஷம் பழசு, இங்கே நமக்கு வேறு சட்டம், இதைப் பார்த்து எதுவும் செய்துவிடாதீர்கள். கார்தெரியில் பழகிய பிரெஞ்சு மாக்கிரட்டுக்கு அதை விளங்கிக்கொள்ளப் போதுமாயிருந்தது.

அன்று பின்னேரமே புருஷனிடம் சொன்னாள். அவர் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டார்.

"இஞ்சேரும், சட்டத்துக்குத் தாய்வீடு பிரான்ஸ். இவங்கள் அங்கையிருந்து வந்தவங்கள்தானே. தாயை மிஞ்சிப் பிள்ளை என்னத்தை எழுதும்?"

"வேறை எண்டுதான் அந்த மனிசி வடிவாச் சொன்னவ."

"புத்தகம் ஒட்டுற மனிசிக்குச் சட்டம் தெரியுமோ? நீர் போய் உம்மடை அலுவலைப் பாரும்."

அவள் போய்த் தன் அலுவலைப் பார்த்தாள். அதுதான் அவள் செய்தது. அதற்கு இரண்டு காரணம். சனம் வரத் தொடங்கிய பிறகுதான் அந்த மனிதர் சனிக்கிழமைகளில் சுவரைப் பார்த்துக் குடிப்பதை நிறுத்தினார் என்பது ஒரு காரணம். மற்றக் காரணத்தைச் சொல்ல அவளுக்கே கூச்சம். திருவிழாச் சாப்பாட்டு வரிசையில் 'லோயற்றை மனிசி வாறா' என்று பெண்கள் விலகி இடம் விடுவார்கள். அந்த இடத்தில் போய் நிற்க அவளுக்குப் பிடித்திருந்தது.

நிரஞ்சனி வந்தது 2006-ம் ஆண்டுத் தவக்காலத்தில். மன்னார்ப் பிள்ளை, முப்பத்துநான்கு வயது. கோட்-டெ-நெய்ஜில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை, ஆனால் சம்பளம் கொடுப்பது ஆஸ்பத்திரியல்ல, நடுவில் ஒரு ஏஜென்சி. பெப்ரவரியில் ஈரத் தரையில் அழுக்குத் துணி வண்டியை இழுத்தபோது சறுக்கி, வண்டி மேலே வர, முதுகு போய்விட்டது. நாற்காலியில் உட்கார்வதற்கே மேசையைப் பிடித்துக்கொண்டாள். கையில் ஆஸ்பத்திரி டொக்டர் எழுதிக் கொடுத்த தாளும், அரசாங்க விபத்துக் காப்புறுதிக்குப் போடவேண்டிய படிவமும் இருந்தன. அந்தப் போம் வெறுமையாகவே இருந்தது.

"சுப்பவைசர் சொல்லுறான், இப்ப போம் போட்டால் ஏஜென்சிக்குப் பிடிக்காதாம். ரெண்டு கிழமை நிண்டுபோட்டு வா எண்டுறான். நான் என்ன செய்யட்டும் அண்ணை? ஜோன்சன்ரை ஸ்பொன்சர் கேஸ் நடக்குது. வேலை போனால் வெல்பெயர் எடுக்கவேணும். வெல்பெயர் எடுத்தால் அவரைக் கூப்பிடேலாது."

ஜோன்சன் அவளுடைய புருஷன். மன்னாரில் இருந்தான், அரசாங்க உதவிப் பணமான வெல்பெயரில் இருப்பவள் அவனை இங்கே எடுக்க விடமாட்டார்கள். சண்டை திரும்பவும் மூண்ட அந்த வருஷம் மன்னாரில் இருப்பதென்றால் என்னவென்று அந்த அறையில் எல்லோருக்கும் தெரியும்.

அருமைராசா முதுகு ஒட்டிய அந்தப் புத்தகத்தையே எடுத்தார். நாக்கு வெளியே வந்தது. தாள் புரண்டது. ஒரு இடத்தில் விரலை ஊன்றி, பிரெஞ்சில் சத்தமாக வாசித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

"சட்டம் என்ன சொல்லுதெண்டால், வேலை விபத்துக்கு உரிமை கோர இரண்டு வருஷம் இருக்கு, பிள்ளை. இப்ப போட்டு அவங்களைப் பகைக்காதையும். நீர் போய் வேலையைச் செய்யும். ஜோன்சன் வந்து சேரட்டும். பேந்து டொக்டர்மாற்றை றிப்போட் எல்லாம் சேர்த்து நான் ஒரு கடிதம் எழுதுவன், அவங்கள் எழும்பி நிண்டு வாசிப்பாங்கள்."

"இரண்டு வருஷம் வடிவாத் தெரியுமோ அண்ணை?"

"அச்சடிச்சுக் கிடக்கு."

மாக்கிரட் தட்டோடு அங்கேயே நின்றாள். நூலகப் பெண் சொன்னது வார்த்தை பிசகாமல் நினைவுக்கு வந்தது. வாயைத் திறந்தால் போதும். 'பிள்ளை, எதுக்கும் வேறை ஆரையும் கேள்' என்று ஐந்து வார்த்தை. அதற்குப் பதிலாக, இரண்டு நாட்டிலும் ஒரே கணக்காகத்தான் இருக்கும், மனிதரின் முகத்தை நாலு பேருக்கு முன் ஏன் கெடுக்கவேண்டும் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள். நிரஞ்சனி அவளைப் பார்த்துச் சிரித்தாள், நிம்மதியான சிரிப்பு. மாக்கிரட்டும் சிரித்தாள்.

நிரஞ்சனி இரண்டு கிழமை கழித்து வேலைக்குப் போனாள். மருந்தைப் போட்டுக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு நவம்பர் வரை இழுத்தாள். நவம்பரில் ஒரு காலை எழும்ப முடியவில்லை. மூன்று நாள் போகாமல் விட்டதும் ஏஜென்சி அவளைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அப்போதுதான் படிவத்தை நிரப்பிப் போட்டாள். ஜனவரியில் மண்ணிற உறை வந்தது. அதையும் உடைக்காமல்தான் கொண்டுவந்தாள்.

அன்றைக்கு அறையில் வேறு மூன்று பேர் இருந்தார்கள், அதில் ஒருத்தி குணேஸ்வரி. எங்கள் கோயிற் பங்கில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் மறுநாள் ஊருக்கே தெரிவது அவளால்தான். அருமைராசா உறையைக் கிழித்து வாசித்தார். ஒருமுறை வாசித்தார், திரும்பவும் வாசித்தார். மாக்கிரட் அவர் காது மடல் சிவப்பதைக் கண்டாள். கடிதத்தில் இருந்தது ஒரே விஷயம். விபத்து நடந்து ஆறு மாதத்துக்குள் விண்ணப்பம் போடவேண்டும், இவள் போட்டது பத்தாவது மாதத்தில், ஆகவே ஏற்க முடியாது.

அவர் கடிதத்தை மடித்தார். "ஏன் பிள்ளை, நான் உடனை போடச் சொல்லி எவ்வளவு சொன்னனான்?"

நிரஞ்சனிக்கு முதலில் விளங்கவில்லை. "அண்ணை, நீங்கள் இரண்டு வருஷம்..."

"இரண்டு வருஷம் எண்டது வழக்குப் பேச. போம் உடனை போடவேணும் எண்டு நான் அப்பவே சொன்னனான். நீர்தான் சுப்பவைசருக்குப் பயந்து ஒளிச்சு வைச்சிருக்கிறீர். சட்டத்தைச் சொல்லலாம், கேக்கிறது அவரவற்றை கையிலை." குணேஸ்வரியைப் பார்த்துச் சலித்துக்கொண்டார். "எங்கடை ஆக்களுக்கு எவ்வளவு சொல்லியும் என்ன."

குணேஸ்வரி 'ச்ச்' கொட்டினாள். நிரஞ்சனி மாக்கிரட்டைத் திரும்பிப் பார்த்தாள். தவக்காலத்தில் நடந்ததைக் கண்டவர்களில் இப்போது அங்கே இருந்தது அவள் ஒருத்திதானே. மாக்கிரட் குசினிக்குள் போய்விட்டாள். போய், குழாயைத் திறந்து, கழுவிய கோப்பையையே திரும்பவும் கழுவினாள். இந்த மனிதரோடு ஒரே சோப்பைப் பாவிக்கிறேனே என்று நினைத்தாள். நான் மட்டும் என்ன திறம் என்ற எண்ணம் அதற்குப் பின்னாலேயே வந்தது. அதை அவள் தண்ணீர்ச் சத்தத்தில் விட்டுவிட்டாள்.

நிரஞ்சனி கோட்-டெ-நெய்ஜில் தொழிலாளருக்கு உதவுகிற ஒரு சங்கத்தைக் கண்டுபிடித்துப் போனாள். அங்கே இருந்த வெள்ளைக்காரப் பெண் ஒரு வழி சொன்னாள். பிந்தியதற்கு நியாயமான காரணம் காட்டினால் தீர்ப்பாயம் மன்னிக்கலாம். சட்டம் தெரியாது என்று மட்டும் சொன்னால் எடுபடாது. ஊரே சட்டம் தெரிந்தவர் என்று நம்பிய ஒருவர் புத்தகத்தைத் திறந்து பிழையான காலக்கெடுவைச் சொன்னார் என்றால் கேட்பார்கள், ஆனால் அந்த ஆள் வந்து தன் வாயால் சொல்லவேண்டும். 2007 ஒக்டோபரில் விசாரணை என்று திகதி வந்தது. அதற்கிடையில் மன்னாரில் ஜோன்சனின் தம்பியைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். நிரஞ்சனி கடன்பட்டுச் சாப்பிட்டாளே ஒழிய வெல்பெயர் எடுக்கவில்லை.

அவள் தொலைபேசியில் கெஞ்சினாள். அருமைராசா எடுக்கவில்லை. கடைசியில் மாக்கிரட்தான் கேட்டாள், சாப்பிட்டு முடித்துக் கை கழுவுகிற நேரத்தில்.

"போய்ச் சொல்லுங்கோவன். அந்தப் பிள்ளையின்ரை புருஷன் அங்கை சாவுக்குப் பயந்து கிடக்கிறான்."

"சொன்னால்? லோயர் இல்லாதவன் சட்டம் சொன்னால் இஞ்சை தண்டம் அடிப்பாங்கள், தெரியுமோ? பேந்து இந்தப் படியிலை ஒருத்தன் ஏறமாட்டான்."

"இது இஞ்சத்தைச் சட்டமில்லை எண்டு நான் உங்களுக்கு அப்பவே சொன்னனான்."

"அப்ப நீர் ஏன் அவவுக்குச் சொல்லேல்லை?" என்றார் அவர். பல்லிடுக்கில் மீன் முள்ளை நாக்கால் துழாவிக்கொண்டே கேட்டார். அது குத்துவதற்காகக் கேட்டதுகூட இல்லை, வாதத்தில் வெல்லக் கேட்டது. பிறகு போய்த் தொலைக்காட்சிக்கு முன்னால் இருந்துகொண்டார். மாக்கிரட் அவருடைய பிடரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அந்தப் பிடரியில் அவளே மாதாமாதம் மயிர் வெட்டிவிடுவாள். இனி அதைக் கையால் தொடமுடியாது என்று நினைத்தாள், பிறகு தொடவும் இல்லை.

விசாரணை நாளன்று அவள் கார்தெரிக்கு லீவு சொல்லிவிட்டு, சமூகப் பாதுகாப்புப் புத்தகத்தை ஒரு சொப்பிங் பையில் போட்டுக்கொண்டு, அவருக்குப் பதிலாகத் தானே சாட்சி சொல்வதாக முதல்நாள் தொலைபேசியில் சொன்னபடி மெட்ரோ வாசலில் நிரஞ்சனியைச் சந்தித்தாள். நிரஞ்சனி பெல்ட் கட்டிய முதுகோடு நின்றவள், அவளைக் கண்டதும் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"அக்கா, நீங்கள் தெய்வம்."

மாக்கிரட்டுக்குக் கையை உதறவேண்டும் போல இருந்தது. உதறாமல், நிரஞ்சனியின் பத்திரப் பையையும் வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டாள். பை கனம். எல்லாம் ஸ்கான் படங்களும் டொக்டர் கடிதங்களும்.

தீர்ப்பாயம் என்றால் கோர்ட் மாதிரி இருக்கும் என்று நினைத்தாள். அது ஒரு நீள மேசையும் தண்ணீர்ச் சாடியும் வைத்த வெளிர்ப் பச்சை அறை. நடுவில் நரைத்த தலையோடு ஒரு பெண் நீதவான். ஒரு பக்கம் ஏஜென்சியின் சட்டத்தரணி, இளவட்டம், நல்ல கோட். மொழிபெயர்க்க ஒரு சென்னைப் பெண் வந்திருந்தாள்.

மாக்கிரட் சத்தியம் செய்தாள். புத்தகத்தை மேசையில் வைத்தாள். கணவர் எந்தப் பக்கத்தைத் திறந்தார், என்ன சொன்னார், அறையில் யார் இருந்தார்கள் என்று கேட்டதற்கெல்லாம் சொன்னாள். அவர் ஏன் வரவில்லை என்று நீதவான் கேட்டார். பயம் என்றாள். நீதவான் புத்தகத்தை வாங்கி, பிரித்து, அந்தப் பக்கத்தைத் தானே வாசித்துப் பார்த்தார். தாளின் மூலை எச்சில் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது. அவர் விரலை ஒருமுறை கைக்குட்டையில் துடைத்துக்கொண்டதை மாக்கிரட் கவனித்தாள். மாக்கிரட்டுக்கு நிலத்துக்குள் போய்விடலாம் போல இருந்தது.

பிறகு அந்த இளவட்டம் எழுந்தான். மரியாதையாகத்தான் கேட்டான். சென்னைப் பெண் அவள் பக்கம் சாய்ந்து சொன்னாள்.

"அம்மா, அவர் என்ன கேக்குறார்னா, உங்க வீட்டுக்காரர் ரெண்டு வருஷம்னு சொன்னப்போ, அது சரின்னு நீங்களே நம்பினீங்களான்னு கேக்குறார்."

வலை எங்கே விரிக்கப்படுகிறது என்று மாக்கிரட்டுக்கு விளங்கியது. நம்பினேன் என்றால் யாருக்கும் பழுதில்லை. புருஷன் ஒரு அப்பாவி முட்டாள், மனிசியும் அப்படியே, கதை முடிந்தது. நம்பவில்லை என்றால், கட்டின மனிசியே நம்பாத ஆளை இந்தப் பெண் நம்பியது நியாயமா என்று அடுத்த கேள்வி வரும். இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தது. பொய் சொன்னால் இந்த அறையை விட்டு அவள் தெய்வமாகவே வெளியே போகலாம். ஆனால் இப்போதுதான் சத்தியம் செய்தது. அதைவிட, ஒருமுறை பேசாமல் நின்று அந்தப் பிள்ளையைக் கெடுத்தது போதும் என்றிருந்தது.

"நம்பேல்லை," என்றாள். "எனக்கு அதுக்கு இரண்டு வருஷத்துக்கு முந்தியே தெரியும், இது பிரான்ஸ் நாட்டுச் சட்டமெண்டு. நூலகத்திலை சொன்னவை. நான் அவருக்குச் சொன்னனான், அவர் கேக்கேல்லை. ஆனா வந்த சனத்திலை ஒருத்தருக்கும் தெரியாது. நிரஞ்சனிக்குத் தெரியாது. தெரியிறதுக்கு அவவுக்கு ஒரு வழியும் இல்லை. தெரிஞ்ச ஆள் நான் ஒருத்திதான். நான் அண்டைக்கு அந்த அறையிலை நிண்டனான். வாய் திறக்கேல்லை."

சென்னைப் பெண் மொழிபெயர்த்தாள். இளவட்டம் கேட்கவந்த அடுத்த கேள்வியைக் கேட்காமலே உட்கார்ந்தான். நீதவான் வெகுநேரம் எழுதினார். மாக்கிரட் பக்கத்தில் பார்க்கவில்லை. பார்க்காமலே, அதுவரை விசும்பிக்கொண்டிருந்த நிரஞ்சனி அழுகையை நிறுத்திவிட்டாள் என்பது தெரிந்தது.

முடிவு ஐந்து கிழமையில் தபாலில் வந்தது, நிரஞ்சனிக்குச் சாதகமாக. அதை மாக்கிரட் அறிந்தது குணேஸ்வரி சொல்லித்தான். ஆனால் விசாரணை நாளன்றே, வெளியே தாழ்வாரத்தில், கூட வந்திருந்த சங்கத்துப் பெண் இவர்கள் இருவரின் கையையும் குலுக்கி, இது நன்றாகப் போனது, மதாமின் சாட்சிதான் காப்பாற்றப்போகிறது என்று சிரித்துவிட்டுப் போனாள். அவள் போனபின் இவர்கள் இரண்டு பேரும் மின்தூக்கிக்கு முன்னால் தனியே நின்றார்கள்.

"அண்ணை தன்ரை புத்தகத்தை நம்பித்தான் அண்டைக்குச் சொன்னவர்," என்றாள் நிரஞ்சனி. குரல் உயரவில்லை. "பேந்து பொய் சொன்னார், அது பயத்திலை. விசர் மனிசன் எண்டு விட்டிடுவன். நீங்கள் நம்பேல்லை. நம்பாமல் என்னைப் பார்த்துச் சிரிச்சனீங்கள்."

"அதைத்தானே இண்டைக்கு வந்து சொன்னனான், பிள்ளை."

"ஓம். பெரிய உதவி. தாங்ஸ்."

கந்தோரில் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கிறவளுக்குச் சொல்கிற நன்றி அது. சொல்லிவிட்டு நிரஞ்சனி கையை நீட்டினாள். மாக்கிரட் அந்தக் கையைப் பிடிக்கத் தன் கையைக் கொண்டுபோனாள். நிரஞ்சனி நீட்டியது தன் பையைத் திருப்பி வாங்க. தோளிலிருந்து பையை எடுத்து, மாக்கிரட்டின் விரல் படாத இடமாகப் பார்த்து வாரைப் பிடித்து, தன் மற்றப் பக்கத்தில் மாட்டிக்கொண்டாள். மின்தூக்கி வந்து கதவு திறந்தது. நிரஞ்சனி அதில் ஏறவில்லை. மாக்கிரட்டோடு ஒரே பெட்டிக்குள் நிற்கப் பிரியமில்லாமல், பக்கத்துக் கதவைத் தள்ளிக்கொண்டு படிக்கட்டுக்குப் போனாள்.

நான்கு மாடி. பையின் கனத்துக்கு ஒரு பக்கம் சரிந்து, கைப்பிடியை இறுக்கிப் பிடித்து, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் வைத்து அவள் இறங்குகிற சத்தம் மேலே கேட்டது. போய்ப் பிடித்துக்கொள்ள மாக்கிரட்டுக்கு முகம் இல்லை. சத்தம் நிற்கும்வரை அங்கேயே நின்றாள்.